கிளட்ச் பெடல் ஸ்பிரிங் உடைந்தால்: மலைநாட்டு ரோட்டில் நிறுத்துவது முதல் புதியதை மாட்டி ஓட்டிப் பார்ப்பது வரை

இது மேனுவல் கியர் கார்களுக்கான வழிகாட்டி. மாருதி 800, ஆல்டோ போன்ற கேபிள் கிளட்ச் வண்டிகளுக்கும், ஒயில் அழுத்தத்தில் வேலை செய்யும் கிளட்ச் உள்ள கார், வேன்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். இரண்டும் வேறுபடும் இடங்களில் தனித்தனியாகச் சொல்கிறேன்.

ஸ்பிரிங் சின்னச் சாமான், மாட்டுவதும் பெரிய வித்தை இல்லை. ஆனாலும் புதிதாகக் கை வைப்பவர்கள் இதில் அரை நாளைத் தொலைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வரிசை மாறிப்போவதுதான் காரணம். உடைந்தது ஸ்பிரிங்தானா என்று பார்க்காமலே கடைக்கு ஓடுகிறார்கள். உடைந்த துண்டை எறிந்துவிட்டு "ஒரு கிளட்ச் ஸ்பிரிங் தாங்க" என்று நிற்கிறார்கள். கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் வண்டி நகராமல் இருக்கட்டும்

கால் வைத்த பெடல் திடீரென்று லொடலொடத்தால், அதே இடத்தில் குனிந்து பார்க்கத் தோன்றும். குனியாதீர்கள். வளைவைத் தாண்டி, பின்னால் வருகிற பஸ்காரர் தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். ரம்பொடை, கினிகத்தேனை, பெரகல போன்ற இலங்கை மலைநாட்டுப் பக்கங்களில் நேரான துண்டு ரோட்டுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கிடைக்கும் வரை இருக்கிற கியரிலேயே மெதுவாகப் போகலாம். ஓரத்தில் ஒதுக்கும்போது சில்லு கானுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹசார்ட் லைட் போட்டு, பின்னால் முக்கோணத்தை வையுங்கள். முக்கோணம் இல்லையென்றால் நம் ஊர் வழக்கப்படி பச்சைக் கொப்பு ஒன்றை முறித்துப் போடுங்கள்.

ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள். முகம் ஏற்றத்தைப் பார்த்திருந்தால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ். பிறகு சில்லுக்குக் கல். கியரில் போட்டாயிற்றே, கல் எதற்கு என்று கேட்பார்கள். கிளட்ச் முழுதாகப் பிடித்திருந்தால்தான் கியர் வண்டியை நிறுத்தி வைக்கும். பெடல் கீழே சிக்கிக் கிடந்தால் எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பே இல்லை, கியரில் போட்டதும் நியூட்ரலும் ஒன்றுதான். வண்டி உருளக்கூடிய பக்கத்தில் இரண்டு சில்லுகளுக்கு நல்ல கல்லாக வையுங்கள்.

2. ஸ்பிரிங்தானா என்று தீர்மானியுங்கள்

முழு வேலையிலும் முக்கியமான படி இது. நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

பெடலை மேலே இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங் அதை அடியிலிருந்து உச்சி வரை தூக்குவதில்லை. கிளட்சுக்குள் இருக்கும் பிரஷர் பிளேட்டின் பலம்தான் பெடலைப் பெரும்பகுதி மேலே தள்ளுகிறது. மேலே வந்து சேரவேண்டிய கடைசி ஓரிரு சென்றிமீற்றரை இழுத்துப் பிடித்து வைப்பதே இந்த ஸ்பிரிங்கின் வேலை. ஆகவே ஸ்பிரிங் மட்டும் உடைந்தால் பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்து, ஆடிக்கொண்டு, குண்டு குழியில் டக டக என்று அடிக்கும். தரையில் போய் ஒட்டிக் கிடக்காது. தரையில் கிடக்கும் பெடலைப் பார்த்து "ஸ்பிரிங் போய்விட்டது" என்று சொல்லும் ஆளை அவசரப்பட்டு நம்பாதீர்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, முதலில் கால் மிதியை வெளியே எடுங்கள். மடிந்த மிதி பெடலுக்கு அடியிலோ மேலோ சிக்கியிருந்தால் பழுதே அவ்வளவுதான். அது இல்லையென்றால், பாத நுனியைப் பெடலுக்குக் கீழே கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். பிறகு கையால் அமுக்கிப் பாருங்கள்.

மேலே கொஞ்சத் தூரம் தளர்வாக இறங்கி, அதன் பிறகு வழக்கமான பாரம் காலுக்குத் தெரிந்தால், ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, அல்லது கொக்கி கழன்றிருக்கிறது. கிளட்ச் நன்றாகவே இருக்கிறது.

மேலிருந்து அடி வரை பாரமே இல்லாமல் தொய்ந்து இறங்கினால் அது ஸ்பிரிங் அல்ல. கேபிள் வண்டியில் கேபிள் அறுந்திருக்கும், அல்லது பெடலோடு சேரும் முனை கழன்றிருக்கும். ஒயில் வண்டியில் ஒயில் கசிந்திருக்கும், அல்லது காற்றுப் புகுந்திருக்கும். பொனட்டைத் திறந்து கிளட்ச் ஒயில் டப்பாவின் மட்டத்தைப் பாருங்கள். பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதான், குறைந்திருந்தால் இரண்டையும் யோசிக்க வேண்டும். பெடலுக்கு மேலே, ஒயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் கம்பி வெளியே வரும் இடத்தை விரலால் தடவுங்கள். வழுவழுப்பான ஈரம் கையில் பட்டால் கசிவு உறுதி. பெடலை நாலைந்து முறை பம்ப் பண்ணும்போது பாரம் திரும்பி வந்தாலும் குற்றம் ஒயில் பக்கத்தில்தான்.

ஒயில் கிளட்ச் உள்ள சில வண்டிகளில் உதவி ஸ்பிரிங் ஒன்று உண்டு. பாதிவழி தாண்டியதும் அது பெடலைக் கீழே தள்ளும். ஒயில் அழுத்தம் குறைந்தால், எதிர்த்துத் தள்ள ஆளில்லாமல் இந்த ஸ்பிரிங்கே பெடலைத் தரையில் பிடித்து வைத்துக்கொள்ளும். கையால் தூக்கினால் பாதிக்கு மேல் தானாகப் பாய்ந்து வரும். ஸ்பிரிங் அங்கே தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதைக் கழற்றி மாற்றிப் பணத்தையும் நேரத்தையும் போக்கியவர்கள் நிறையப் பேர்.

பெடல் நன்றாக மேலே வருகிறது, ஆனால் "டக்" என்ற ஒரு சத்தத்தோடு ஒரே நொடியில் கல்லாகக் கனத்துவிட்டது என்றால் உதவி ஸ்பிரிங் உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்திருந்தால் கேபிள் உள்ளே துருப்பிடித்து இழை பிரிகிறது, அல்லது கிளட்ச் தேய்ந்துவிட்டது.

மெதுவாக, தயங்கித் தயங்கி மேலே வந்தால், பெடல் ஆடும் அச்சு காய்ந்து இறுகியிருக்கிறது. ஸ்பிரிங்கும் அந்த இறுக்கத்தோடு மல்லுக்கட்டித்தான் உடைந்திருக்கும், ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

3. உடைந்த துண்டைத் தேடி எடுங்கள்

வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். ஸ்பிரிங் பெரும்பாலும் கொக்கி வளையும் இடத்தில்தான் முறியும். முறிந்த துண்டு கீழே உருண்டு பிரேக் பெடலுக்கோ எக்சிலேட்டருக்கோ அடியில் போய்க் கிடக்கலாம். இறக்கத்தில் பிரேக் பெடலுக்குக் கீழே ஒரு இரும்புத் துண்டு மாட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டோர்ச் அடித்து, கார்பெட் ஓரங்களையும் சீட்டுக்கு அடியையும் தடவிப் பாருங்கள். காந்தம் இருந்தால் வேலை சுலபம். பெடல் கையில் (மிதிக்கும் தட்டைத் தாங்கும் தண்டில்) தொங்கும் துண்டையும் பெடல் பொருத்தியிருக்கும் பிரக்கெட்டில் மாட்டியிருக்கும் துண்டையும் இப்போதே கழற்றிவிடுங்கள். அதற்கு முன்னால் போனில் ஒரு படம். கொக்கி எந்த ஓட்டையில் இருந்தது, வாய் எந்தப் பக்கம் பார்த்தது என்பது பிறகு தேவைப்படும். துண்டுகளை உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் உங்கள் வாயைவிட அந்தத் துண்டுதான் அதிகம் பேசும்.

4. வீடு போய்ச் சேர ரப்பர் பட்டி

ரிட்டர்ன் ஸ்பிரிங் மட்டுமே பழுது என்று இரண்டாம் படியில் உறுதியானால் தற்காலிகக் கட்டு ஒன்று போடலாம். த்ரீவீலர் டியூபிலிருந்து விரல் அகலத்தில் வெட்டிய ரப்பர் பட்டி இதற்கு உத்தமம். டயர் ஒட்டும் எந்தக் கடையிலும் பழைய டியூப் கிடக்கும், கேட்டால் வெட்டித் தருவார்கள்.

பட்டியின் ஒரு முனையைப் பெடல் கையில் ஸ்பிரிங் மாட்டியிருந்த ஓட்டையில் கோருங்கள். மறுமுனையை மேலே பிரக்கெட்டில் பழைய கொக்கி இருந்த இடத்தில் கட்டுங்கள். பெடலைத் தூக்கிப் பிடிக்கும் அளவுக்கு இழுவை இருந்தால் போதும். கூடுதலாக இறுக்கினால் அமுக்கும்போது பட்டி அறுந்து அடிக்கும்.

கட்டக்கூடாத இடங்கள்: ஸ்டியரிங் தண்டு (அது சுற்றும், பட்டியைச் சுருட்டிக்கொள்ளும்), வயர் கட்டுகள், பிரேக் பெடலின் கை. இரும்புக் கம்பியால் கட்டவே வேண்டாம். கம்பி நீளாது, பெடலை அடி வரை அமுக்க விடாது. கிளட்ச் அரைகுறையாக விடுபட்டு கியர் கரகரக்கும்.

கட்டி முடித்ததும் எஞ்சின் நின்றபடியே மூன்று பெடலையும் அடி வரை அமுக்கிப் பாருங்கள். சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டு விடுபட்ட பின், எஞ்சினை ஓடவிட்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். எதிலும் பட்டி உரசக்கூடாது.

உதவி ஸ்பிரிங் உடைந்து பெடல் கனத்திருந்தால் கட்டு எதுவும் வேண்டாம், காலைக் கொஞ்சம் வருத்தி ஓட்டலாம். முறிந்த பகுதி எதிலாவது மாட்டக்கூடிய விதமாகத் தொங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். கேபிள் அறுந்தோ ஒயில் கசிந்தோ பெடல் தொய்ந்திருந்தால் மலை ரோட்டில் ஓட்டாதீர்கள். பாஸை (மெக்கானிக்கை) வரவழையுங்கள், அல்லது வண்டியை ஏற்றி அனுப்புங்கள்.

5. இறக்கத்தில் கவனம் எங்கே வேண்டும்

சமதரையில் இந்தப் பழுது ஒரு தொல்லை, அவ்வளவே. நுவரெலியாவிலிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் கதை வேறு. 1,868 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டியைப் பிடித்து வைப்பதில் பாதி வேலையை எஞ்சின்தான் செய்கிறது. அந்தப் பிடி சில்லுக்குப் போவது கிளட்ச் வழியாக. பெடல் முழுதாக மேலே வராவிட்டால் கேபிள் வண்டியில் ரிலீஸ் பேரிங் (கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் பேரிங்) எந்நேரமும் உரசிக்கொண்டிருக்கும். ஒயில் வண்டியில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பின்னுக்கு வராமல், ஒயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை மூடியபடி இருக்கும். சூடேறி விரியும் ஒயிலுக்குப் போக்கிடம் இல்லை, அது கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கும். கிளட்ச் வழுக்கும், எஞ்சின் பிடி குறையும், முழுப் பாரமும் கால் பிரேக்கில் விழும். தொடர்ந்து மிதித்த பிரேக் சூடேறிப் பிடி விடுவது இந்த ரோடுகளில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆகவே ரப்பர் பட்டியோடு இறங்கும்போது, இறக்கம் தொடங்குமுன்பே இரண்டாம் கியருக்கு வாருங்கள். நடுவளைவில் கியர் மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறை கிளட்ச் மிதித்த பிறகும் பாத நுனியால் பெடலை மேலே தூக்கிவிடுங்கள். இறக்கத்தில் எஞ்சின் சத்தம் திடீரென்று அடங்கி வண்டி வேகமெடுத்தாலோ, ஏற்றத்தில் எஞ்சின் கத்தியும் வண்டி ஏறாவிட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ நிறுத்துங்கள். கட்டு போதவில்லை என்று அர்த்தம்.

6. ஸ்பிரிங்கை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்

வீட்டுக்கு வந்ததும் துண்டுகளை வெள்ளைத் தாளில் சேர்த்து வைத்துப் பேனாவால் சுற்றி வரையுங்கள். கொக்கிக்குக் கொக்கி நீளம், சுருளின் வெளி அகலம், சுருள்களின் எண்ணிக்கை, கம்பியின் தடிப்பு, இரண்டு கொக்கிகளும் ஒரே பக்கம் பார்க்கின்றனவா எதிரெதிரா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். இழுவை ஸ்பிரிங்கில் சுருள்கள் சாதாரணமாக ஒன்றோடொன்று தொட்டபடி இருக்கும். இடைவெளி தெரிந்தால் பழையது நீண்டு தொய்ந்திருக்கிறது, அந்த நீளத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

கம்பித் தடிப்பில் மட்டும் "கொஞ்சம் கூடினால் பரவாயில்லை" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். மற்ற அளவுகள் ஒன்றாக இருந்தால், ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிப்பின் நான்காம் அடுக்கில் ஏறும். 2 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதில் 2.5 மில்லிமீற்றர் போட்டால் விறைப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஹட்டன் டவுனில் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் ஒரு தடவை மாட்டினால் முழங்கால் அதைச் சொல்லும்.

கடையில் "கிளட்ச் ஸ்பிரிங்" என்று மட்டும் கேட்டால் கிளட்ச் தட்டுக்கான சாமானை எடுத்து வைக்கக்கூடும். "அண்ணே, பெடலை மேல இழுக்குற ஸ்பிரிங், இந்தா பாருங்க" என்று துண்டை மேசையில் வையுங்கள். வண்டியின் மொடல், வருடம், செசி நம்பர் மூன்றையும் கொண்டுபோங்கள். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளைக் கடைகளில் இல்லையென்றால் கண்டி. அங்கேயும் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தை. பழைய வண்டிகளுக்கு அங்கே கழற்றிய பெடல் செட் முழுதாகவே கிடைப்பதுண்டு. அப்படி வாங்கினால் அதிலுள்ள ஸ்பிரிங்கின் கொக்கி வளைவில் துருக்குழி இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

மோட்டார் சைக்கிள் ஸ்டாண்ட் ஸ்பிரிங்கைப் போடுகிறவர்கள் உண்டு. கைக்கு எட்டும், மலிவு, கொக்கியும் பொருந்தும். ஆனால் அது ஸ்டாண்டை விறைப்பாகப் பிடித்து வைக்கச் செய்தது. பெடலின் இழுப்புத் தூரத்துக்கு அது போதிய அளவு நீளாது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உடைந்த ஸ்பிரிங்கின் அடுத்த சுருளை வளைத்துக் கொக்கியாக்குவதும் ஓரிரு நாளைக்கே. நெருப்பில் காட்டி வளைத்தால் கம்பியின் பதம் போய்விடும், அது அன்றைக்கே தொய்யும்.

7. கை வைக்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

கண்ணாடி, அதாவது கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, முதல் சாமான். தலைகீழாகப் படுத்திருக்கும்போது ஸ்பிரிங் நழுவினால் நேரே முகத்துக்குத்தான் வரும். தலையில் கட்டும் டோர்ச். போன் லைட் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், இந்த வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். நீள மூக்குக் குறடு, தட்டை ஸ்க்ரூ டிரைவர், 10, 12, 14 ஸ்பெனர், உறுதியான நைலோன் கயிறு ஒரு முழம், சின்ன அரம், லித்தியம் கிரீஸ், பழைய துணி. படுக்க ஒரு சாக்கோ அட்டையோ.

வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, கல் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஸ்டியரிங் அடியில் மஞ்சள் நிற வயர் போனால் அது எயார்பேக்குக்குரியது, அதைத் தொடாதீர்கள். சீட்டை முழுதாகப் பின்னுக்குத் தள்ளினாலும் தோள் நுழையாத வண்டிகள் உண்டு. அங்கே பிடிவாதம் பிடிக்காமல் சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, அடியில் வயர் எதுவும் இழுபடாமல் சீட்டைச் சாய்த்துவிடுவதே நல்லது. கழுத்து மிஞ்சும்.

8. ஸ்பிரிங் மாட்டும் இடத்தை முதலில் சரிசெய்யுங்கள்

புதியதைக் கையில் எடுக்கும் ஆசையை அடக்குங்கள். ரப்பர் பட்டியைக் கழற்றிவிட்டு, பெடலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நிறைய ஆடினால் அச்சில் உள்ள நைலோன் புஷ் தேய்ந்திருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும். மேலும் கீழும் கையால் நகர்த்தும்போது இறுகினால் அச்சைச் சுத்தம் பண்ணி கிரீஸ் வையுங்கள். துரு இளக்கும் ஸ்பிரே கழுவுவதற்கு மட்டும். அது காய்ந்த பிறகு மசகு பெரிதாக மிஞ்சாது, கிரீஸ் அவசியம்.

அடுத்தது கொக்கி மாட்டும் ஓட்டை. வருடக்கணக்கில் உரசி முட்டை வடிவத்துக்கு வந்து, விளிம்பு கத்தி போல இருக்கும். புதிய கொக்கியை அறுக்கப்போவது அந்த விளிம்புதான். அரத்தால் விளிம்பை மழுக்கி, ஒரு துளி கிரீஸ் தடவுங்கள். பிரக்கெட் வளைந்திருந்தால் நிமிர்த்துங்கள். கொக்கி நேராக இழுபட வேண்டும், சரிந்து இழுபட்டால் ஒரு பக்கம் தேய்ந்து அதே இடத்தில் மறுபடி முறியும்.

மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நோர்வூட் பக்கம் ஓடும் வண்டிகளில் கால் வைக்கும் இடம் காய்வதே இல்லை. நனைந்த சப்பாத்தின் ஈரம் கார்பெட்டில் ஊறி, கண்ணாடியை மூடியதும் ஆவியாக மேலே ஏறி பெடல் பிரக்கெட் முழுக்கத் துருவாகிறது. கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், அடியில் பஞ்சு நனைந்திருந்தால் காயவிட்டு மாட்டுங்கள்.

9. புதியதை மாட்டுதல்

இழுவை ஸ்பிரிங்கைப் பெடல் உச்சியில் இருக்கும்போதே மாட்ட வேண்டும். அப்போதுதான் இரண்டு ஓட்டைகளுக்கும் இடைத்தூரம் மிகக் குறைவு, இழுக்க வேண்டிய பலமும் குறைவு. பெடலைக் கீழே அமுக்கிக்கொண்டு மாட்டப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை. இன்னொருவர் இருந்தால், "தம்பி, பெடலைக் கீழேயிருந்து மேல தூக்கிப் புடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

கை நுழையச் சிரமமான முனையை முதலில் மாட்டுங்கள். பெரும்பாலும் அது மேலே பிரக்கெட் பக்கம். சுலபமான முனையை முதலில் மாட்டிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இழுத்துப் பிடித்த ஸ்பிரிங்கோடு போராட வேண்டி வரும்.

மறுமுனைக்கு இரண்டு வழி. ஒன்று கயிறு. நைலோன் கயிற்றை மடித்துக் கொக்கியில் கோர்த்து, இரண்டு நுனியையும் ஸ்க்ரூ டிரைவர் தண்டில் சுற்றி, உங்கள் முகத்துக்கு நேராக அல்லாமல் பக்கமாக இழுங்கள். கொக்கி ஓட்டைக்கு நேரே வந்ததும் மறு கையிலுள்ள குறட்டால் உள்ளே தள்ளிவிட்டு, கயிற்றின் ஒரு நுனியை உருவி எடுங்கள். குறட்டால் மட்டும் இழுக்காதீர்கள். கம்பியில் பல் பட்ட கீறல்தான் நாளைய முறிவுக்குத் தொடக்கம்.

இழுக்க இடமே இல்லாத வண்டிக்கு இரண்டாவது வழி. ஸ்பிரிங்கை வெளியே மேசை விளிம்பில் வளையுங்கள். திறந்த பக்கத்தின் சுருள்களுக்கிடையில் ஒரு ரூபாய்க் காசையோ மெல்லிய வொஷரையோ ஒவ்வொன்றாகச் செருகுங்கள். மறுபக்கம் வளைத்து அங்கேயும் செருகுங்கள். ஸ்பிரிங் நீண்டபடி நிற்கும், பலம் எதுவும் தேவைப்படாமல் கொக்கி உள்ளே போய்விடும். மாட்டிய பிறகு பெடலைக் கையால் மெதுவாக அமுக்கினால் சுருள் விரிந்து காசுகள் கொட்டும். செருகியதை எண்ணி வைத்து, கொட்டியதையும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும் வரை வண்டியை எடுக்கக்கூடாது.

கொக்கியின் வாய் பழைய படத்தில் பார்த்த பக்கமே பார்க்கட்டும். படம் எடுக்கவில்லையென்றால் பக்கத்திலுள்ள பிரேக் பெடலின் ஸ்பிரிங்கைப் பாருங்கள், பல வண்டிகளில் இரண்டும் ஒரே போக்கில்தான் மாட்டியிருக்கும்.

உதவி ஸ்பிரிங் வேறு சாதி. பெட்டிபோன்ற பிரக்கெட்டுக்குள் முறுக்கியோ அமுக்கியோ வைத்திருப்பார்கள். பின்னை உருவினால் எந்தப் பக்கம் பாயும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதைக் காருக்குள் படுத்துக்கொண்டு கழற்றாதீர்கள். பெடல் செட்டை முழுதாக வெளியே எடுத்து வைஸில் பிடித்துச் செய்கிற வேலை, கராஜுக்குக் கொடுங்கள்.

கேபிள் வண்டிக்காரர்கள் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் கியர் பொக்ஸ் பக்கம், கேபிள் இழுக்கும் கையிலும் ஒரு ஸ்பிரிங் உண்டு. சேறும் தண்ணீரும் படும் இடம் என்பதால் அதுதான் முதலில் துருப்பிடிக்கும். உள்ளே புதியதை மாட்டியும் பெடல் தளர்ந்தே இருந்தால் கீழே குனிந்து இதைப் பாருங்கள்.

10. தளர்வை அளவுபடுத்துங்கள்

பெடலை விரலால் மட்டும் அமுக்குங்கள். பாரம் தெரியும் வரை இறங்கும் வெற்றுத் தூரத்தை அளவுகோலால் பாருங்கள். பல கார்களில் இது ஒன்று முதல் இரண்டு சென்றிமீற்றருக்குள் இருக்கும், உங்கள் வண்டியின் சரியான அளவு கைநூலில் உண்டு. பழைய ஸ்பிரிங் தொய்ந்திருந்த காலத்தில் யாராவது கேபிளை இறுக்கித் தளர்வை மறைத்திருப்பார்கள். கேபிள் அளவுக்கு மீறி இறுகியிருந்தால் அது கிளட்சை எந்நேரமும் கொஞ்சம் இழுத்து வைக்கும். கேபிள் முனையிலுள்ள நட்டைத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவாருங்கள். தளர்வே இல்லாவிட்டால் வழுக்கும், அளவுக்கு மீறினால் கியர் கரகரக்கும். கேபிளைத் தானாகச் சரிசெய்யும் அமைப்புள்ள வண்டிகளிலும், ஒயில் வண்டிகள் பலவற்றிலும் இப்படி நட்டைத் திருக வேண்டியதில்லை.

பெடல் உச்சியில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தால் பெடல் அதில் சரியாக முட்டுகிறதா என்றும் பாருங்கள். சில வண்டிகளில் அந்த சுவிட்ச் கிளட்ச் மிதித்ததை உணராவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது.

11. ரோட்டுக்கு எடுக்கு முன் சோதனை

பேட்டரியை மாட்டி, நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணுங்கள். கிளட்சை அடி வரை மிதித்து மூன்று வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் முழுதாக விடுபடுகிறது.

அடுத்து, சமதரையில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, கால் பிரேக்கையும் மிதித்து, மூன்றாம் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுபோக வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல கிளட்சும் கருகும்.

பெடலை மிதித்துச் சட்டென்று காலை எடுங்கள். துள்ளி மேலே வந்து ஆடாமல் நிற்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெடலில் கால் வைக்காமலே கீச்சென்ற சத்தம் கேட்டு, லேசாக மிதித்ததும் அது மாறினால், உடைந்த ஸ்பிரிங்கோடு நீண்ட நாள் ஓட்டியதில் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கலாம். அதற்கு கியர் பொக்ஸை இறக்க வேண்டும், பாஸிடம் அந்தச் சத்தத்தை நேரில் கேட்கச் சொல்லுங்கள்.

முதல் ஓட்டம் வீட்டுப் பக்கத்து ஏற்றத்தில் மேலும் கீழும் இருக்கட்டும், நேராக நீண்ட இறக்கத்துக்குப் போக வேண்டாம். ஒரு வாரம் கழித்து டோர்ச்சோடு குனிந்து இரண்டு கொக்கிகளையும் பாருங்கள். ஓட்டை ஓரத்தில் புதிதாகப் பளபளக்கும் உரசல் தெரிந்தால் பிரக்கெட் இன்னும் நேராகவில்லை. சில மாதங்களிலேயே ஸ்பிரிங் மறுபடி முறிந்தால் மூன்றாவது ஸ்பிரிங்கை வாங்காதீர்கள், அச்சின் இறுக்கத்தையும் கேபிளையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.